வாய் இல்லாத கீபோர்டு

1

நேற்று ஆயுத பூசை. இங்கே பெர்த்தில் அதற்கு விடுமுறை கிடையாது. வேலைக்குக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். என் வெல்டிங் முகமூடி, என் மனைவி இசக்கியின் மிக்சி, அரிவாள்மணை, கார்ச் சாவி எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டன. கடைசியாகக் கிண்ணத்தோடு மகள் மீனாவின் அறைக்குப் போனாள் இசக்கி. மீனாவுக்குப் பதின்மூன்று வயது. போர்வைக்குள் இருந்தபடியே கையை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

“அம்மா, கீபோர்டு கட்டை மேல வைக்காதீங்க. இடுக்குல போயிடும். கீழ ஸ்டாண்டுல வைங்க.”

“ஏட்டி, ஸ்டாண்டா பாட்டு வாசிக்கி? வாசிக்க சாமானுக்குத்தான் பொட்டு.”

கடைசியில் கீபோர்டின் முதுகுப்பக்கம் ஒரு பொட்டு விழுந்தது. அதற்குப் பக்கத்தில்தான் வயர் சொருகும் ஓட்டை. குங்குமம் உதிர்ந்து உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். மத்தியானம் இசக்கிக்கு போன் செய்து அதைத் துடைக்கச் சொன்னேன். அவள் துடைக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகி, சிங்கப்பூர்க் கப்பல்களில் பற்றவைத்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவன். வெல்டிங்குக்கு அடுத்தபடியாக எனக்கு நன்றாக வருவது கவலைப்படுவது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு கீபோர்டு வாங்கிய கதை இது. அது வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டதை நேற்றைய பொட்டு ஞாபகப்படுத்தியது.

2

மீனாவிடம் முன்பே ஒரு கீபோர்டு இருந்தது. பிளாஸ்டிக் கட்டைகள், தொட்டாலே சத்தம் போடும். அதில் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் நிஜமான பியானோவின் முன்னால் உட்காரவைத்தபோது பாதி சுரம் எழும்பவில்லை. பியானோக் கட்டைக்குப் பின்னால் ஒரு சுத்தியல் இருக்கிறதாம். விரல் அதைத் தூக்கி எறிய வேண்டுமாம். லேசான கட்டையில் பழகிய விரலுக்கு அந்தத் தெம்பு இல்லை. வீட்டிலும் கனமான கட்டையில் பழகவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பள்ளி விழாவில் வாசிக்க வேண்டும் என்பதால் அவசரமும் இருந்தது.

அதுவரைக்கும் சிக்கல் இல்லை. எந்தக் கீபோர்டு என்பதில்தான் வந்தது. மீனா கேட்டது, பியானோவைப் போலவே கனமான கட்டைகள் கொண்ட, ஆனால் தானாகச் சத்தம் எழுப்பாத ஒரு கருவி. அதற்குள் ஸ்பீக்கரும் இல்லை, சுரமும் இல்லை. கம்ப்யூட்டரோடு ஒரு வயரில் இணைத்தால், நாம் கட்டையை அழுத்தும் செய்தி மட்டும் போகும். சத்தத்தைக் கம்ப்யூட்டர் உண்டாக்கும். அதை ஹெட்போனில் அவள் மட்டும் கேட்பாள்.

“நாங்க?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்க வேணாம். அதுக்குத்தான்பா.”

காரணம் இசக்கி. மீனா பழைய கீபோர்டில் பழகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று போனில் பதிவு செய்து, குடும்ப வாட்சப் குழுவில் போட்டுவிடுவாள். ஊரில் இருக்கும் சித்தி, பெரியம்மா, மதினி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டுகிற படம் அனுப்புவார்கள். ஒருநாள் ஒரு தாய்மாமன் மட்டும், ‘நடுவுல ஒரு இடத்துல இடிக்கி, கவனி’ என்று எழுதிவிட்டார். மீனா அதைப் படித்துவிட்டாள்.

“நான் தப்பா வாசிக்கிறத ஊரே கேக்கணுமா?” என்றாள். டி.வி. பார்த்துப் பழகிய தமிழ் அவளுடையது. எங்களைப் போல ‘வாசிக்கேன்’ என்று வராது. கோபம் வந்தால் அதுவும் நின்று ஆங்கிலமாகிவிடும். அன்றைக்குத் தமிழிலேயே சொன்னதால், கோபத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று என்று எனக்குப் பட்டது.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. பன்னிரண்டு வயதிலேயே பாதி நேரம் அவள் கதவு சாத்தியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கெல்லாம் ‘ம்’ தான். அந்தக் கதவு வழியாக எங்களிடம் வந்துகொண்டிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதுவும் ஹெட்போனுக்குள் போய்விட்டால், என் பெண் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதே எனக்கு எப்படித் தெரியும்?

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் இருந்த வரிசையில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது, யாரோ இருமுவது, மில் சங்கு, கோயில் கொடைத் திருவிழா வந்தால் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடும் பாட்டு. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தை அப்போது நான் வெறுத்தேன். படிக்க முடியவில்லை என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். ஆனால் யாரும் யாரையும் காணோம் என்று தேடியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

3

யோசனை கேட்கச் சுடலைக்கு போன் செய்தேன். பேட்டைப் பட்டறையில் என்னோடு வேலை பழகியவன். இப்போது கல்யாணத்துக்கும் கொடைக்கும் மைக் செட் போடுகிறான். சத்தம் சம்பந்தமாக எனக்குத் தெரிந்த ஒரே நிபுணன்.

“ஏலே முத்து, நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. அதுல ஸ்பீக்கர் உண்டா?”

“கிடையாது.”

“கட்டைய அமுக்குனா சத்தம் வருமா?”

“வராது வே. கம்ப்யூட்டர்லதான் வரும்.”

“அப்ப கம்ப்யூட்டரையே அமுக்கச் சொல்லு. எதுக்குலே நடுவுல ஆள் நீளத்துக்கு ஒரு பலகை? வாய் இல்லாத கீபோர்ட வாங்கி வீட்டுல படுக்கப் போடப் போறியா?”

எனக்குத் தெம்பு வந்தது. கனமான கட்டையும் வேண்டும், ஸ்பீக்கரும் வேண்டும், வேண்டுமானால் கம்ப்யூட்டரிலும் இணைக்கலாம். அப்படி ஒன்று தேடினேன். இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தோம்.

கடையில் அதை அழுத்திப் பார்த்தேன். இடது கோடியில் கட்டை கனமாக இருந்தது. வலது கோடிக்கு வர வர லேசாகிக்கொண்டே போனது. ஒரே சாமானில் இப்படி ஏற்றத்தாழ்வு இருந்தால் பட்டறையில் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். கடைக்கார இளைஞரைக் கூப்பிட்டு, இது பழுது, ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மீனா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பியானோவே அப்படித்தான். பெரிய சத்தத்துக்குப் பெரிய சுத்தியல், சின்னதுக்குச் சின்னது. இனிமே நான் பேசுறேன். ப்ளீஸ்.”

அவள் பேசினாள். ஸ்பீக்கர் இல்லாததையும் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். கடையின் ஹெட்போனை மாட்டியதும் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கியதைப் பார்த்தேன். வீட்டில் வாசிக்கும்போது அந்தத் தோள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். பார்த்தும், நான் மனம் மாறவில்லை. ஸ்பீக்கர் உள்ளதே வாங்குவோம், ஹெட்போனும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். எப்போதாவது கழற்றுவாள் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு அவளுக்கும் புரிந்தது. போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

4

சனிக்கிழமை வாங்குவதாக முடிவு. முந்தின நாள் கேட்டபோது, ஸ்பீக்கர் உள்ளது ஒன்றே ஒன்றுதான் பாக்கி, எடுத்துவைக்கும் வழக்கம் கிடையாது, காலையில் ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் வாருங்கள் என்றார்கள்.

காலையில் காரில் ஏறியதும் இசக்கி தலையில் கை வைத்தாள். “சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தர வரைக்கும் ராகு காலம்லா! பிள்ள வித்தைக்கு வாங்குத சாமான அந்நேரத்துலயா வாங்குவாவ?”

“அம்மா, ராகு காலம் ஆஸ்திரேலியாவுக்கும் உண்டா?” என்று மீனா பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். ஊர் மணிக்கும் இந்த ஊர் மணிக்கும் வித்தியாசம் இருக்கிறதே, எந்தக் கணக்கில் பார்ப்பது? சுடலைக்கு போன் போட்டேன். அவனுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. ஆற்றில் குளித்துவிட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தான்.

“சூரியன் உங்களுக்கு அங்கன உதிக்கா, இங்கன உதிக்கா?”

“இங்கதான்.”

“அப்ப அங்கன உள்ள மணியப் பாரு. ராகு என்ன, இங்க இருந்து டிக்கெட் எடுத்தா வாராரு?”

ஆக, கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இசக்கி பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். நான் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் ஒரு கண்ணைக் கடைக் கதவிலும் வைத்திருந்தேன். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். பத்து மணி தாண்டியபோது, ஒரு தகப்பனும் சின்னப் பையனும் ஒரு நீளப் பெட்டியை ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பையன் பக்கம் தரையில் இடித்து இடித்து வந்தது. எங்களுக்கு அடுத்த காரில்தான் ஏற்றினார்கள். பெட்டியின் மேல் இருந்த படத்தை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

“அது நம்ம கீபோர்டுப்பா,” என்றாள் மீனா.

“பேசாம இருட்டி,” என்றாள் இசக்கி. “வேற எதாவதா இருக்கும்.”

வேறு எதுவுமில்லை. பத்தரைக்கு வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனோம். இளைஞர் இரண்டு கையையும் விரித்தார். அடுத்தது கப்பலில் வர வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். ஸ்பீக்கர் இல்லாதது மட்டும் இருந்தது. பள்ளி விழாவோ அடுத்த மாதம்.

நான் இசக்கியைப் பார்த்தேன். இசக்கி சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களைப் பார்த்தாள். மீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக் கண்ணாடிப் பக்கம் நின்றாள். ஆனால் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. காது வரை சிரிப்பு.

பெட்டியைக் காரில் ஏற்றும்போது இசக்கி சொன்னாள், “நல்ல நேரத்துலதான் வாங்கியிருக்கோம். என்ன, அது அவளுக்கு நல்ல நேரம்.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

5

அந்த நீளமும் கனமும் பார்த்ததும் எனக்கு அடுத்த கவலை பிடித்தது. கடையில் விற்கிற ஸ்டாண்டு குச்சி குச்சியாக இருந்தது. எங்கள் பட்டறை மேற்பார்வையாளரிடம் கேட்டு, மிச்சம் விழுந்த சதுரக் குழாய்களை வெட்டி நானே ஒன்று பற்றவைத்தேன். குறுக்கே இரண்டு பட்டை, மூலைக்கு மூலை முட்டு. அவர் வந்து ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்த லாரி எஞ்சினுக்கு என்று கேட்டார். மீனா அதில் உட்கார்ந்து பார்த்தாள், இசக்கியும் உட்கார்ந்து பார்த்தாள். அசையவில்லை.

கம்ப்யூட்டரோடு சேர்ப்பது தனிக் கூத்து. கட்டையை அழுத்துவதற்குக் கணக்கு தொடங்க வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், கீபோர்டின் அடிப்பக்கத்து எண் வேண்டும், நான் எந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொட வேண்டும். எனக்கு விசா வாங்கியபோதுகூட நான் மனிதன்தானா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து அழுத்தினால், சத்தம் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. போச்சு, பழுது என்று நான் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் தேடப் போனேன். மீனா “தொடாதீங்க தொடாதீங்க” என்று என்னை வெளியே தள்ளி, கம்ப்யூட்டரில் எதையோ மாற்றிச் சரிசெய்துவிட்டாள். கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டினாள்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நான் பயந்தபடியே.

“வாசிச்சியாம்மா?”

“ம்.”

“நல்லா வருதா?”

“ம்.”

சுடலையிடம் சொன்னேன். “நீ மைக் செட்டுக்கு வாடகை குடுத்துட்டு, குழாய அவுத்துப் பரண்ல போட்டவம்லே,” என்றான். விழாவில் நன்றாக வாசித்தாள். டீச்சர் பாராட்டினார். நாங்களும் எல்லோரோடும் கைதட்டினோம். அன்று அரங்கில் கேட்டது மட்டும்தான், வீட்டுக்கு வந்ததும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

6

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களையிலிருந்து இசக்கி, “ஏங்க, இங்கன வாங்க. எலி ஓடுது,” என்றாள்.

எங்களுடையது பழைய வாடகை வீடு. தரை முழுக்க மரப்பலகை. காதை வைத்துப் பார்த்தேன். தட், தட், தடதட, தட். அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று அதற்கு ஏற்ப நடுங்கியது. எலி என்றால் வயரைக் கடிக்கும், வயரைக் கடித்தால் தீப்பிடிக்கும். உடனே வீட்டு ஏஜெண்டின் இணையப் பக்கத்தில் புகார் எழுத உட்கார்ந்தேன். பூச்சியா, கொறிக்கும் பிராணியா, இரண்டுமா என்று கேட்டது. உயிருடன் கண்டீர்களா என்று கேட்டது. கேட்டோம், காணவில்லை என்று எழுத அதில் இடமில்லை.

அவர்கள் அனுப்பிய ஒரு ஆள் பகல் வேளையில் வந்து தரைக்கு அடியில் படுத்துத் தேடினார். எலியும் இல்லை, எலிப் புழுக்கையும் இல்லை. தூசியைத் தட்டிக்கொண்டு அறைகளையும் ஒரு பார்வை பார்த்தவர், மீனாவின் ஸ்டாண்டைத் தட்டிக்கொடுத்து, நல்ல வேலை என்றார்.

சாயங்காலம் மீனா பள்ளியிலிருந்து வந்தாள். கதவு சாத்தியது. கொஞ்ச நேரத்தில் எலியும் வந்துவிட்டது.

நானும் இசக்கியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கனமான கட்டை அடியில் போய் முட்டுகிற சத்தம், நான் பற்றவைத்த இரும்பில் இறங்கி, இரும்புக் காலிலிருந்து பலகைக்குப் பரவி, கூடம் தாண்டி அடுக்களை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. காலுக்கு நான் ரப்பர் வைத்திருக்கவில்லை. கதவு கிறீச்சிட்டாலே எண்ணெய்ப் புட்டியோடு ஓடுகிறவன், மறுநாளே நாலு ரப்பர் வாங்கிக் காரில் போட்டேன். அதை வீட்டுக்குள் கொண்டுவர மட்டும் எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

சுரமில்லாத பாட்டு அது. வெறும் தட்டுச் சத்தம். ஆனால் இசக்கி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். “ஆத்துல துணி தொவைக்கும்போது, அடிக்க சத்தத்த வச்சே இது இன்னார்னு சொல்லுவேன். இது என்ன பெரிய கம்பசூத்திரம்?” என்றாள். பாட்டுகளுக்கு அவளே பெயர் வைத்தாள். ஒன்று மழைப் பாட்டு. ஒன்று கோவக்காரி. ஒன்று மாடிப்படி. அதில் தட்டுகள் நிதானமாக ஏறும், உச்சியில் ஒரு நொடி நிற்கும், பிறகு தடதடவென்று இறங்கும். இறங்கும் வழியில் ஓரிடத்தில் மீனா எப்போதும் தடுக்கி விழுவாள். மறுபடி அடியிலிருந்து ஏறுவாள். அந்த இடம் நெருங்கும்போது இசக்கி கரண்டியை அப்படியே நிறுத்திவிடுவாள். நான் தேங்காய் துருவுவதை நிறுத்துவேன். விழுந்ததும் இருவரும் ‘ச்சு’ என்போம். நகைக் கடை விளம்பரத்தைக்கூடக் குடும்பக் குழுவில் பகிர்கிற இசக்கி, இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் சுடலையிடம் சொல்லவில்லை.

மழைப் பாட்டு வருகிற சாயங்காலங்களில் இசக்கி தாளம் போடுவாள். நான் மேசையில் விரலால் தட்டுவேன். அப்படி ஒருநாள் இசக்கி கைதட்டி ஒரு சுற்றுக் கும்மியே அடித்துவிட்டாள். நான் சோற்றுப் பானை மூடியில் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டு நின்றுவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. நிமிர்ந்தால், கழுத்தில் ஹெட்போனோடு மீனா வாசலில் நிற்கிறாள். கையில் தண்ணீர்ப் புட்டி.

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

அவள் தரையைப் பார்த்தாள். அலமாரித் தம்ளரைப் பார்த்தாள். திரும்பித் தன் அறையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

“எவ்ளோ நாளா?”

“எலி பிடிக்க வந்தாருல்லா… அன்னையில இருந்து,” என்றேன். ஊரே கேட்கக்கூடாது என்றுதான் இந்தக் கீபோர்டையே வாங்கச் சொன்னாள். கேட்டவர்கள் நாங்கள். “ரப்பர் வாங்கிட்டேம்மா. கார்ல கெடக்கு. இப்பமே போட்டுருதேன். ஒண்ணும் கேக்காது.”

எழுந்துவிட்டேன். மீனா வழியை விடவில்லை.

“குரூப்ல போட்டீங்களா?”

“சத்தியமா இல்லட்டி,” என்றாள் இசக்கி. “ஒருத்தருக்கும் தெரியாது. தட்டுதது மட்டுந்தான் கேக்கும். பாட்டெல்லாம் கேக்காது.”

“அப்ப நான் எங்க தப்பு விடறேன்னு தெரியாது.”

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் மூடியைப் பார்த்தேன். இசக்கிக்குப் பொய் வராது.

“மாடிப்படிப் பாட்டுல,” என்றாள். “உச்சிக்குப் போயிட்டு எறங்கைல. பாதிப் படியில அவசரப்பட்டு ஒரு படியத் தாண்டுத. பைய எறங்குனா விழ மாட்ட.”

“மாடிப்படிப் பாட்டா?”

இசக்கி கரண்டியால் அடுப்பு மேடையில் தட்டிக் காட்டினாள். ஏற்றம், நிற்பது, இறக்கம், அந்த இடம். மீனா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். புட்டித் தண்ணீர் தரையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். “டீச்சரும் அதான் சொன்னாங்க. ஸேம் இடம்!”

உள்ளே போனாள். கதவு சாத்தியது. காருக்குப் போகவா வேண்டாமா என்று தெரியாமல் நான் சாவியோடு நடுக்கூடத்தில் நின்றேன். இசக்கி உதட்டில் விரல் வைத்தாள்.

தட், தட், தட். மாடிப்படி. நிதானமாக ஏறினாள். உச்சியில் நின்றாள். இறங்கத் தொடங்கினாள். இசக்கி மூச்சை நிறுத்திவிட்டாள். அந்த இடம் வந்தது. பைய, ஒவ்வொரு படியாக, ஒன்றைக்கூட விடாமல், கீழே வரைக்கும்.

தட்டு நின்றது. சாத்திய கதவுக்குள்ளிருந்து, ஹெட்போன் மாட்டியவர்கள் கத்துவார்களே, அப்படி வீடே அதிர ஒரு குரல் வந்தது.

“இப்ப?”

“எறங்கிட்டட்டி!” என்று இசக்கி அதைவிடப் பெரிதாகக் கத்தினாள்.